நின்ற வெளிச்சம்

அந்த வெளிச்சத்துக்கு ஒரு பூச்சிகூட வரவில்லை.

கார்த்திகை மாதம். முதல் மழை கொட்டி ஓய்ந்து, வயலும் பற்றையும் ஊறிக் கிடந்தன. அந்த நாட்களில் வன்னியில் ஒரு பல்பைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ன ஏலாது. ஈசலும் வண்டும் தத்துவெட்டியும் கோப்பைக்குள் விழும், வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் போகும். களப்புக் கரையில் இறால் பிடிக்கிற அல்பேர்ட் அண்ணை தன் வாடிக் கொட்டில் வாசலில் தொங்கவிட்டிருந்த சின்னப் பல்பைச் சுற்றிக்கூடப் பூச்சி புகையாய்ச் சுழன்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி வின்சனின் புது லொறி, முன் லைற் இரண்டும் பகல் மாதிரி வெள்ளையாய் எரிய, எஞ்சின் உறும நின்றது. அதன் கண்ணாடியில் ஒரு நுளம்புகூட இல்லை.

வின்சனுக்கு முதலில் அது சந்தோசமாகத்தான் இருந்தது. கண்ணாடி துடைக்கிற வேலை மிச்சம். “பாத்தியே, பூச்சிகூடக் கிட்ட வராது,” என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் பெருமையடித்தான்.

ஸ்ரெல்லா ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, “பூச்சி வராத வெளிச்சம் என்ன வெளிச்சமப்பா?” என்றாள்.

அவன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி, பல்லிடுக்கில் மாட்டின மீன் முள்ளுப் போல, இரவு படுக்கையிலும் உறுத்திக்கொண்டே இருந்தது.

லொறி ஸ்ரெல்லாவின் உழைப்பு. குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருசம் பிள்ளை பார்த்து, கோப்பை கழுவி, அந்த வீட்டுக்காரியின் ஏச்செல்லாம் கேட்டு அனுப்பிய உழைப்பு. களப்பில் இறால் வாங்கி, ஐஸ் போட்டு, கிளிநொச்சிக்கு ஏற்றிக் கொடுக்கிற தொழில் அதை வைத்துத்தான் தொடங்கியது. வந்திறங்கிய அன்றே அவள் சொல்லிவிட்டாள். “நத்தார்ப் பெருநாள் வரைக்கும் பாப்பம். தொழில் ஓடினா நிக்கிறன். ஓடாட்டித் திரும்பவும் போறன். ஏஜென்சிக்காரன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.” அன்றிலிருந்து அவளின் போன் அடித்தாலே வின்சன் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்பான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் இல்லாத நாலு வருசமும் குசினியில் நின்றபடியே சோற்றை விழுங்கிவிட்டுப் படுத்தவன் அவன். இன்னொரு முறை அப்படி இருக்க அவனால் முடியாது. அவளை மறித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும்.

லைற் மாற்றியதும் அந்தப் பயத்தில்தான். லொறியோடு வந்த லைற் மஞ்சளாய் மங்கி எரிந்தது. களப்பு வீதியில் இருட்டினால் மாடுகள் தாரில் வந்து படுத்துவிடும். முதல் கிழமையே ஒரு எருமையை மயிரிழையில் தப்பவிட்டபோது, ஸ்ரெல்லா நெஞ்சைப் பொத்திக்கொண்டு, “இதுக்குக் குவைத்திலயே இருந்திருக்கலாம்,” என்றாள். அடுத்த நாளே அவன் றிப்னாஸின் கொட்டிலில் போய் நின்றான்.

றிப்னாஸ் வவுனியாவில் வாகன வயரிங் பழகிவிட்டு, முல்லைத்தீவில் தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்து கடை போட்டவன். கையும் ஓயாது, வாயும் ஓயாது. லைற்றின் பின்பக்க ரப்பர் மூடியை உரித்து, பழைய பல்பைப் பிடுங்கிவிட்டு, எச்.ஐ.டி. பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் கடதாசியால் பிடித்து உள்ளே தள்ளினான். பல்புக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பெட்டிகளைத் தகட்டில் துளை போட்டு முடுக்கினான். புதுத் தகட்டில் துளை விழுந்தபோது ஸ்ரெல்லா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணே, இது மற்றப் பல்ப் மாதிரி இல்ல. போட்டவுடன நீலமா அடிச்சு, பிறகுதான் வெள்ளை பிடிக்கும். சும்மா சும்மா நூத்து நூத்துப் போடாதேங்கோ, பல்ப் செத்துப் போகும். சாமான் ஏத்த நிண்டாலும் எரிய விடுங்கோ.”

“பொலிஸ் மறிச்சா?”

“டிம்மில போங்கோ. டிம்மும் இதே பல்ப்தான். உள்ளுக்க ஒரு காந்தம் இழுத்து இறக்கும். கேளுங்கோ.” சுவிச்சைத் தட்டினான். டக். வெளிச்சம் சுவரில் ஒரு படி கீழே இறங்கியது.

அப்படித்தான் வின்சன் தினமும் பொழுதுபட்டதும் களப்புக் கரையில் லைற்றை எரியவிட்டுக்கொண்டு அல்பேர்ட் அண்ணையின் வள்ளத்துக்குக் காத்து நின்றான். வெளிச்சம் சேற்றுத் தரையைத் தாண்டி, ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டி, அக்கரைக் கண்டல் பற்றையில் போய் முட்டியது. அங்கே பற்றைக்கு முன்னால் வரிசையாக வேலிக் கதியால் நட்டிருந்தது. ஏறி இறங்கி, ஒழுங்கில்லாமல், சும்மா நாலு பேர் அவசரத்தில் நட்டது போல. “ஆரடாப்பா இந்தச் சேத்துக்க வேலி அடைக்கிறது?” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் ஐஸ் பெட்டி எடுக்க வந்தபோது பார்த்தான். கதியால் இல்லை. நண்டுப் பொந்துகளும், ஈரம் காயாத சேறும், கொக்கு மிதித்த தடமும்தான். இடம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். பின்னேரம் லைற்றைப் போட்டபோது கதியால்கள் இருந்தன. நேற்றையை விடக் கூடுதலாக. நேற்றையை விடக் கிட்ட. இப்போது தண்ணீருக்கு இந்தப் பக்கம்.

கண்ணைக் கசக்கினான். எதிரே யாரோ மோட்டார்சைக்கிளில் வந்து கை காட்டியதால் வழக்கம் போல டிம்மைத் தட்டினான். டக். வெளிச்சம் இறங்கியது. மோட்டார்சைக்கிள் போனபின் திரும்பப் பார்த்தபோது, வரிசை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது போல் இருந்தது. அதில் ஒன்று மற்றவற்றை விடக் கட்டையாக, ஒரு பிள்ளையின் உயரத்தில். எஞ்சினை உறுமவிட்டு, ஏற்றின பெட்டியைக் கயிறு கட்டாமலே அவன் புறப்பட்டான். வீடு வரும்வரைக்கும் பெட்டிகள் பின்னால் முட்டி முட்டிச் சத்தம் போட்டன.

இதை ஸ்ரெல்லாவிடம் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தான். ஆனால் அந்தக் கிழமையில் அவளில் ஒரு மாற்றம். லைற்றைக் கண்டாலே முகம் சுளித்தவள், இப்போது லொறி நின்றதும் இறங்கி முன்னால் போய் நின்றாள். பெட்டி அடுக்குவதாகச் சாட்டு. அடுக்கி முடிந்தபின்னும் லைற்றுக்கு நேரே நின்று அதையே பார்த்தாள். வெறும் கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை அது. இரண்டாம் நாள் வின்சன் கவனித்தான், அவள் கண் சிமிட்டவே இல்லை.

“என்னடி பாக்கிறாய்? கண் அவிஞ்சு போகும்.”

“ஒண்டுமில்லையப்பா. நல்லா இருக்கு. உள்ளுக்க ஒரு சத்தமும் இல்லாம இருக்கு.”

ஏஜென்சிக்காரன் போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பின்னேரம் களப்புக்குப் போறம்தானே?” என்று கேட்டாள். வின்சனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதற்குத்தானே இந்தப் பாடு. கதியாலாவது கத்தரிக்காயாவது என்று தலையை உதறிவிட்டான். ஆனால் அன்றிரவு கூரையில் எலி ஓடின சத்தத்துக்குக்கூட எழும்பி உட்கார்ந்தான். அடுத்த இரவும் அப்படித்தான். எழும்பின ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அவள் படுத்திருக்கிறாளா என்று தடவிப் பார்த்தான்.

அல்பேர்ட் அண்ணை அவனை மீன் சந்தையில் பகலில் பிடித்துக்கொண்டார். வயது போன மனிதர், வாய் பொல்லாதது, வள்ளம் வலிப்பதில் அந்தக் கரையில் அவருக்கு மிஞ்ச ஆளில்லை. அன்று சத்தத்தைக் குறைத்துக் கதைத்தார்.

“டேய் வின்சன், இனி நான் துறையில காவல் நிக்கமாட்டன். இறாலைப் பெட்டியில போட்டுத் தண்ணிக் கரையில வைச்சிட்டுப் போவன். நீ வந்து எடு. பொழுது பட முதல் எடு.”

“ஏனண்ணை?”

“நீ லைற் படகில போன ஆள்தானே. நிண்ட வெளிச்சம் என்ன செய்யும் எண்டு உனக்கு நான் சொல்லோணுமே?”

“அது கடலுக்கண்ணை.”

“ஓம். தரையில ஆரும் போட்டுப் பாத்ததில்லை. நீதான் போட்டனி.” அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வின்சன் பக்கத்தில் கிடந்த மீன் பெட்டியில் குந்தினான். அவன் இரண்டு பருவம் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிற படகில் கூலிக்குப் போனவன். பிடிபட்டால் படகும் வலையும் போகும் என்று பயந்து விட்ட தொழில். அதில் செய்கிற வேலை ஒன்றும் பெரிதில்லை. கும்மிருட்டில், நடுக்கடலில், லைற்றைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். ஓடுகிற வெளிச்சத்துக்கு எதுவும் வராது. நின்ற வெளிச்சத்துக்கு எல்லாம் வரும். முதலில் தூரத்தில் நிற்கும், ஒரு வளையமாக, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு. பிறகு லைற்றுகளை ஒவ்வொன்றாக நூர்க்கவேண்டும். வெளிச்சம் குறையக் குறைய அவை கிட்ட வரும். கடைசி லைற் மட்டும் எரியும்போது கையை விட்டால் அள்ளலாம். என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. சூடை மீன் வரும் என்று இருந்தால் சொறிமீனும் பாம்பும் வரும், பேர் தெரியாத எதுவோ ஒன்று அடியில் உருண்டு திரும்பும். இதெல்லாம் தெரிந்த ஒருவன், கிழமைக் கணக்காக, வெளிச்சத்தைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறான். மொக்கன், மொக்கன் என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

அன்றே லொறியை றிப்னாஸின் கொட்டிலுக்கு விட்டான். பாதி வழியில், பக்கத்தில் இருந்த ஸ்ரெல்லா கேட்டாள்.

“எங்கையப்பா போறம்?”

“லைற்றைக் கழட்ட.”

அவள் வீதியைப் பார்த்தபடியே சொன்னாள். “கழட்டாதேங்கோ. கழட்டினா நான் போயிடுவன்.”

குரலில் கோபம் இல்லை. அழுகை இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். வின்சன் வீதியோரம் நிறுத்தினான். கொட்டிலின் தகரக் கூரை அங்கிருந்தே தெரிந்தது. வண்டியைத் திருப்பினான். கழற்றாவிட்டால் என்ன, நிற்கிற இடத்தில் நூர்த்துவிட்டால் போகிறது. பல்ப் செத்தால் சாகட்டும். அப்படித் தன்னைத் தானே சமாளித்தான்.

அடுத்த நாள் ஐஸ் வர நேரம் சென்றுவிட்டது. மழை வேறு. பாலத்தடியில் தண்ணீர் ஏறி, இறங்கும்வரை வண்டிகள் காத்து நிற்கவேண்டியதாயிற்று. அல்பேர்ட் அண்ணை வைத்துவிட்டுப் போன இறால் விடிய மட்டும் கிடந்தால் நாறிப்போகும். ஸ்ரெல்லாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தான். அவன் ஐஸ் ஏற்றி முடித்துப் பார்த்தபோது அவள் ஏற்கனவே லொறிக்குள் இருந்தாள்.

துறைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வாடி பூட்டிக் கிடந்தது. வாசல் பல்ப் இல்லை. வின்சன் லொறியை நிறுத்தின கையோடு லைற்றை நூர்த்தான்.

இருட்டு. அப்படி ஒரு இருட்டு. எஞ்சின் சூட்டில் மழைத்துளி விழுந்து சுர்ரென்றது. களப்பிலிருந்து அழுகின கண்டல் இலையின் மணமும், உப்பும், அதற்கடியில் இன்னொரு மணமும் வந்தது. நெடுநாள் பூட்டியிருந்த அறையைத் திறந்த மணம். தண்ணீர்ப் பக்கம் சேற்றில் ஏதோ காலை இழுத்து வைப்பது போல ஒரு சத்தம். மாடாக்கும். மாடுதான்.

“போடுங்கோ,” என்றாள் ஸ்ரெல்லா.

“வேண்டாம். நான் போன் வெளிச்சத்தில எடுத்துப்போட்டு வாறன். நீ இரு.”

மறுபக்கக் கதவு திறந்த சத்தம். செருப்பு சேற்றில் புதைந்து எழும்பும் சத்தம். முன்பக்கமாக. தூரமாக.

“ஸ்ரெல்லா!”

மழை.

“ஸ்ரெல்லா, நில்லடி!”

போனைத் தேடினான். கையில் படவில்லை. சுவிச்தான் பட்டது. போட்டான்.

நீலமாய் ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு வெள்ளை.

அவர்கள் நின்றார்கள்.

கதியால் இல்லை. எப்போதுமே கதியாலாய் இருந்ததில்லை. வெளிச்சத்தின் ஓரத்தில், அரை வட்டமாக, தோளோடு தோள் முட்ட, மழையில் அசையாமல். ஆண், பெண், பிள்ளை. உடுப்பெல்லாம் சேற்று நிறம். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் லைற்றுக்கு. எல்லாக் கண்ணும் திறந்தபடி, மழை விழுந்தும் மூடாமல். நடுவில் ஸ்ரெல்லாவின் சேலை. ஸ்ரெல்லாவின் முகம். அதுவும் லைற்றுக்கு.

வின்சனின் தொண்டையில் செபம் வந்தது, பாதியில் மறந்தது. ஆனாலும் இறங்கினான். அவள் அங்கே நிற்கிறாளே. லைற்றுக்கு முன்னால் போய், அவளை நோக்கி நடந்தான். அவனின் நிழல் நீண்டு போய் அவர்கள் மேல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் அவர்கள் பின்னுக்குப் போனார்கள். அவளும் போனாள். இன்னும் ஒரு அடி வைத்தான். இன்னும் பின்னுக்கு. தண்ணீருக்குள். முழங்கால் அளவில்.

நின்றான். அவளிடம் போக முடியாது. கூப்பிடத்தான் முடியும். கூப்பிடத் தெரியும் அவனுக்கு.

திரும்பி வந்தான். சுவிச்சைத் தட்டினான்.

டக்.

வெளிச்சம் ஒரு படி இறங்கியது. அவர்கள் ஒரு அடி வந்தார்கள். அவளும் வந்தாள்.

பின்பெட்டியிலிருந்து ஐஸ் மூடின ஈரச் சாக்கை இழுத்து இடது லைற்றை மூடினான். வந்தார்கள். சேறு சப்பும் சத்தம், பல கால்களில். அந்த மணம். இன்னொரு சாக்கு, வலது லைற்றுக்கு. விளிம்பால் மட்டும் வெளிச்சம் கசிந்தது. வந்தார்கள். அவர்களின் மூச்சுக் கேட்கவில்லை. மூச்சே இல்லை. கடைசியாகப் பெரிய லைற்றை நூர்த்து, பார்க் லைற்றின் மஞ்சள் பொட்டை மட்டும் விட்டான்.

சுற்றிலும் நின்றார்கள். லொறியின் தகட்டில் உரசியபடி. முகங்கள் இருட்டில் கரைந்துவிட்டன. ஈரச் சேலை ஒன்று அவன் முழங்கையில் பட்டது. தெரிந்த சேலை. எட்டிப் பிடித்தான். கை கிடைத்தது. குளிர்ந்த கை. இழுத்தான். வந்தது.

கையை விடாமல், கதவைத் திறந்து, முன்னுக்கு ஏற்றித் தள்ளி, தானும் ஏறி, கதவை அடித்துப் பூட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

“பயப்பிடாத. வீட்ட போவம். நாளைக்கே ஏஜென்சிக்குச் சொல்லு. குவைத்துக்குப் போ, எங்கையெண்டாலும் போ. நான் மறிக்கமாட்டன். இஞ்ச மட்டும் வேண்டாம்.”

கை அவன் கைக்குள் இருந்தது. ஒற்றைக் கையால் சாவியைத் திருப்பிப் பின்னுக்கு எடுத்தான். சாக்குகள் இரண்டும் சேற்றில் விழுந்தன. சுவிச்சைப் போட்டான்.

நீலம். வெள்ளை.

ஒருவரும் இல்லை. சேறு, மழை, தண்ணீர். எல்லாம் வெறுமை. வின்சன் மூச்சை விட்டான்.

அப்போது தண்ணீர்க் கரையிலிருந்து ஒருத்தி மேலே ஏறி வந்தாள். இடுப்பில் இறால் பெட்டி. சேற்றில் செருப்பு மாட்டி, தடுமாறி, வெளிச்சம் முகத்தில் அடிக்க நின்றாள். கண்ணைச் சுருக்கி, சிமிட்டி, சிமிட்டி, ஒரு கையைத் தூக்கிக் கண்ணுக்கு மறைவு கொடுத்தாள்.

“என்னப்பா, எத்தினை தரம் கூப்பிடுறன்,” என்று கத்தினாள் ஸ்ரெல்லா. “டிம்மைப் போடுங்கோ. கண் கூசுது.”

அவன் கைக்குள் இருந்த கை மெதுவாக இறுகியது.